ஒற்றைக்குண்டுத் தோட்டாவை வீட்டில் நிரப்பினால் மிச்சமா? கிழங்குக்கு வரும் பன்றிக்கு என்ன வழி?

வெலிமடை_கிழங்கு
வணக்கம். 40 பேர்ச்சஸ் உருளைக்கிழங்கு, ஏறக்குறைய சதுரமான காணி. மேல் எல்லை பைனஸ் காடு, கீழ் எல்லை ஓடை, இரண்டு பக்கமும் அயல்காரர் காணி. பன்றி மேலேயிருந்தும் ஓடை வழியாகவும் வருது. பயிர்ப் பாதுகாப்புக்கு உரிமம் எடுத்த 12 போர் ஒற்றைக்குழல் துவக்கு இருக்கு, பழைய இங்கிலாந்து சாமான். ஸ்லக் (ஒற்றைக்குண்டு) தோட்டா விலை கட்டுப்படியாகல. சுட்ட தோட்டாவின் வெறும் கோதெல்லாம் சும்மா கிடக்கு. வெளிநாட்டில் வீட்டிலேயே திரும்ப நிரப்புறாங்களே, அதை இங்கே செய்தால் எவ்வளவு மிச்சம்? ஈயம் உருக்கிக் குண்டு ஊத்துறது பெரிய வேலையில்லை என்று நினைக்கிறேன். விஷயம் தெரிந்தவங்க சொல்லுங்க.

ராகலை_துவக்குப்பட்டறை
தம்பி, செய்ய வேண்டாம். காரணத்தையும் சொல்றேன், "ஆபத்து" என்று ஒரு சொல்லில் சொன்னால் யாரும் கேட்க மாட்டாங்க.

தோட்டாவுக்குள்ள ஐந்து சாமான்: கோது, அடியில் கேப் (தட்டினால் தீப்பற்ற வைப்பது), வெடிமருந்து, வாட் (மருந்துக்கும் குண்டுக்கும் நடுவில் அடைப்பு), முன்னால் குண்டு. இந்த ஐந்தும் ஒன்றுக்கொன்று அளந்து பொருத்தப்பட்டவை. மருந்து அதே அளவு இருக்க, கேப்பின் வகை மாறினாலே அழுத்தம் மாறும். வாட் கொஞ்சம் இறுக்கமானால் ஏறும், கோதின் உள்வடிவம் வேறானாலும் ஏறும். 70 மி.மீ. தோட்டாவுக்கு ஐரோப்பியத் தரத்தில் உச்ச அழுத்தம் 740 பார். கார் டயரில் இருப்பது 2 பார் சொச்சம். கம்பனிக்காரன் அதைச் சோதனைக் குழலில் அளந்துதான் வெளியே விடுறான். அடுப்படி மேசையில் அளக்க ஒரு வழியும் இல்லை. வெளிநாட்டுக்காரனும் மனசுக்குத் தோன்றினபடி நிரப்புறதில்லை. மருந்துக் கம்பனி சோதித்து வெளியிட்ட அட்டவணையில் இந்தக் கோதுக்கு இந்தக் கேப், இந்த வாட் என்று இருப்பதை ஒரு எழுத்து மாறாமல் பின்பற்றுறான். அந்தச் சாமான் ஒன்றும் இங்கே கடையில் கிடையாது. கிடைக்கிறது பட்டாசு மருந்தும் கல்லுடைக்கிற மருந்தும். அது குழலைப் பிளக்கும், பிடித்திருக்கும் கையையும் சேர்த்து.

இரண்டாவது, ஸ்லக் சன்னம் (சிறு ஈய உருண்டைகள்) மாதிரி இல்லை. சன்னம் தனித்தனியாக இருப்பதால் குழல் வாயின் சோக்கில் (குறுகலில்) நெருங்கி வழிந்து போகும். ஸ்லக் என்பது 28 கிராம் அளவில் ஒரே கட்டி. 12 போர் குழலின் உள்விட்டம் 18.5 மி.மீ.; பழைய துவக்கில் ஃபுல் சோக் இருந்தால் வாயில் ஒரு மி.மீ. அளவுக்குக் குறுகும். கம்பனி ஸ்லக்கின் ஓரத்தில் வரிகள் இருக்கே, அது நசுங்கி இடம் கொடுக்கத்தான். அப்படியும் திறந்த குழலுக்கும் இம்ப்ரூவ்ட் சிலிண்டர் என்ற மிகக் குறைந்த சோக்குக்கும்தான் அது சரியாகப் பொருந்தும். கையால் ஊத்தின உருண்டை கால் மி.மீ. பெருத்தாலும் அந்த இடத்தில் இறுகும். குழல் வாய் வீங்கின துவக்குகள் பட்டறைக்கு வருதே, பெரும்பாலும் இந்தக் காரணம்தான்.

மூன்றாவது உங்கள் துவக்கின் வயசு. பழைய ஆங்கிலேயத் துவக்குகளில் பலவற்றின் அறை (தோட்டா உட்காரும் இடம்) 65 மி.மீ. நீளம். இப்போது கடையில் இருப்பது பெரும்பாலும் 70. தோட்டாவில் அச்சடித்த நீளம் சுட்டு விரிந்த பிறகு உள்ள கோதின் நீளம். சுடாத தோட்டா மடிப்போடு 60 மி.மீ. சுற்றித்தான் இருக்கும், அதனால் 65 அறைக்குள் வழுக்கிக்கொண்டு போகும், பொருந்திவிட்டது என்று ஆள் நம்பிடுவான். சுடும்போது மடிப்பு குறுகலான இடத்தில் விரிந்து வழியை அடைக்கும், அழுத்தம் ஏறும். குழலின் அடித்தட்டையான பக்கத்தில் ப்ரூஃப் (அழுத்தச் சோதனை) முத்திரை குத்தியிருக்கும். நிரப்புற யோசனையை விட்டாலும் அதை மட்டும் ஒருமுறை பார்க்கக் கொடுங்க.

பதுளை_சட்டக்குறிப்பு
சட்டப்பக்கம் சுருக்கமாக. துவக்கு உரிமம் 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகிறது. வெடிமருந்து வாங்குவது, வைத்திருப்பது, செய்வது எல்லாம் 1956 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டம். பயிர்ப் பாதுகாப்பு உரிமம் துவக்கை வைத்திருக்கத்தான் அனுமதிக்கிறது, தோட்டா தயாரிக்க அல்ல. வீட்டில் கேப்பும் மருந்தும் அகப்பட்டால் துவக்கும் போகும், உரிமமும் போகும், வழக்கும் வரும். உரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். தோட்டாவை அனுமதி பெற்ற கடையில் உரிமத்தைக் காட்டி வாங்க வேண்டும்.

வெலிமடை_கிழங்கு
விளங்குது. ஆனா பணக்கணக்கு மட்டும் கேட்கிறேன். சட்டப்படி செய்யக்கூடிய நாட்டில் அது உண்மையிலேயே மிச்சமா?

ராகலை_துவக்குப்பட்டறை
குறி சுடும் போட்டிக்காரருக்கு மிச்சம். வருஷத்துக்கு ஆயிரக்கணக்கில் சுடுகிறவர் நிரப்பும் இயந்திரத்தின் விலையைத் தோட்டாவுக்குத் தோட்டா பிரித்து எடுத்துவிடுவார். பயிர் காக்கிறவர் ஒரு போகத்தில் சுடுவது ஒரு பெட்டிக்கும் குறைவு. இயந்திரம், தராசு, அச்சு எல்லாவற்றின் விலையும் அந்த ஒரு பெட்டியின் தலையில் ஏறும். உங்கள் செலவு எங்கே கூடுதென்றால், ஈரத்தில் கெட்டுப்போன தோட்டாவும் தேவையில்லாமல் சுட்ட தோட்டாவும். அதைத்தான் பிடிக்கணும்.

கந்தப்பளை_காவல்
ஈரத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் எழுதுறேன். மழைக்காலத்தில் மலைநாட்டு வீட்டுக்குள் ஈரப்பதன் 80 வீதத்துக்குக் கீழே இறங்குவதே அரிது. தோட்டாவின் பித்தளை அடி முதலில் மங்கும், பிறகு பச்சை பிடிக்கும். அட்டைக்கோது என்றால் ஊதும். ஊதின தோட்டாவை அறைக்குள் பலமாகத் தள்ளாதீங்க. போகும், சுட்டபிறகு வெளியே வராது.

வைக்கிற முறை: ரப்பர் வளையம் வைத்து இறுக மூடுகிற டப்பா, உள்ளே ஐம்பது கிராம் அளவு சிலிக்கா ஜெல். நிறம் மாறினால் தாச்சியில் மெல்லிய சூட்டில் வறுத்து, ஆறவிட்டுத் திரும்பப் போடுங்க. அந்த வேலையின்போது தோட்டா அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. அடுப்புக்கு மேல் பரணில் வைப்பது பழைய வழக்கம். காயும் என்று வைக்கிறது, ஆனால் பகல் சூடு, இரவு குளிர் என்று மாறி மாறிப் பட்டு மருந்து பலம் மாறும். தோட்டாவில் எண்ணெய் பூசாதீங்க. துருவுக்கு அடிக்கிற மெல்லிய எண்ணெய் கேப்பின் ஓரத்தால் இறங்கி அதைச் செத்துப்போக வைக்கும். வாங்கின மாதத்தைப் பெட்டியில் எழுதி, பழையதை முதலில் எடுங்க.

சுடும்போது வழக்கமான சத்தம் வராமல் "புஸ்" என்றால் அடுத்த தோட்டாவைப் போடாதீங்க. வாட் குழலுக்குள் நின்றிருக்கலாம். அதன் பின்னால் அடுத்த குண்டு வந்தால் குழல் அந்த இடத்தில் வீங்கும் அல்லது கிழியும். சத்தமே வரவில்லையென்றால் குழல் வாயை வெறும் மண்மேட்டுப் பக்கம் பிடித்தபடி முப்பது செக்கன் அசையாமல் இருங்க, பிறகு திறங்க. பிந்தி வெடிக்கிற தோட்டா உண்டு.

மஸ்கெலியா_நிழல்
ஸ்லக் எதுக்கு? எஸ்.ஜி. என்ற பெருஞ்சன்னத் தோட்டா போதுமே. ஒன்பது சன்னம் போகும், இருட்டில் ஒன்றாவது படும்.

ராகலை_துவக்குப்பட்டறை
"ஒன்றாவது படும்" என்பதுதான் பிரச்சினை. எஸ்.ஜி. 30, 35 மீட்டருக்கு அப்பால் பரந்துவிடும். ஒரு சன்னம் வயிற்றில் பட்ட பன்றி காட்டுக்குள் போய் நாள்கணக்கில் கிடந்து சாகும், அல்லது காயத்தோடு ஆள் மேல பாயும். ஸ்லக் சரியாகப் பட்டால் விழுத்தும், ஆனால் பார்த்துச் சுட வேண்டும். பார்க்க வெளிச்சம் வேண்டும். அதைவிடப் பெரிய விஷயம், மேல்நோக்கிப் போன ஸ்லக் ஒரு கிலோமீட்டரைத் தாண்டி விழும். நம்ம மலையில் கீழே பார்த்தால் லயம், ரோட்டு, கொழுந்துக்குப் போற பாதை. குண்டு போய்ப் புதைகிற மண்மேடு கண்ணுக்குத் தெரியாமல் விசையில் விரல் போகக் கூடாது. இரவில், மழைப்பனியில், சரிவில் அது எத்தனை தடவை தெரியும்? பயிரைக் காக்கத் துவக்கு கடைசி ஆயுதமாக இருக்கட்டும். வேலியைக் கட்டுங்க. இங்கே வேலி தெரிந்தவங்க இருக்காங்க.

தலவாக்கலை_சோலார்
மின்வேலி பற்றிச் சொல்றேன். முதலில் ஒன்றை ஆணி அடித்த மாதிரிச் சொல்லிவிடுறேன்: வீட்டு 230 வோல்ட் லைனைக் கம்பியில் கொடுப்பது வேலி இல்லை, கொலைப்பொறி. பல்ப் ஒன்றை இடையில் போட்டால் பரவாயில்லை என்கிறவர்களும் இருக்காங்க, அதுவும் கொல்லும். நெஞ்சு வழியாக 30 மில்லி அம்பியர் அளவில் தொடர்ந்து பாய்ந்தாலே இதயம் குழம்பலாம். வீட்டு மின்சாரம் தசையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், விட முடியாது. ஈரப் புல்லில் வெறுங்காலோடு கொழுந்து பறிக்கப் போகிற பெண்ணுக்கும் புத்தகப்பையோடு வருகிற பிள்ளைக்கும் அந்தக் கம்பி தெரியாது.

மின்வேலிக்கென்று செய்த எனர்ஜைசர் பெட்டி வேறு சாமான். செக்கனுக்கு ஒருமுறை, ஆயிரத்தில் ஒரு செக்கனுக்கும் குறைவான நேரம் மட்டும், ஆயிரக்கணக்கான வோல்ட்டில் ஒரு தட்டு. மற்ற நேரம் முழுக்கக் கம்பி செத்துக் கிடக்கும். தொட்டவர் கையை எடுக்க அந்த இடைவெளி. சர்வதேசத் தரத்தில் (ஐ.ஈ.சி. 60335-2-76) 500 ஓம் சுமையில் ஒரு தட்டுக்கு 5 ஜூலுக்கு மேல் போகக் கூடாது. அந்தத் தர எண் பெட்டியில் உள்ளதை மட்டும் வாங்குங்க. உங்கள் 40 பேர்ச்சஸுக்கு 0.5 முதல் 1 ஜூல் தாராளம்.

உங்கள் கணக்கு: 40 பேர்ச்சஸ் சுமார் 1,012 சதுர மீட்டர். சதுரம் என்றால் பக்கம் 32, சுற்றளவு 127 மீட்டர். பன்றிக்கு மட்டும் என்றால் இரண்டு கம்பி, தரையிலிருந்து 25 செ.மீ., 50 செ.மீ. முள்ளம்பன்றியும் கிழங்குக்கு வரும் என்றால் மூன்று கம்பி: 15, 30, 50. மூன்று வரிசைக்கு 381 மீட்டர், கட்டுக்கும் முடிச்சுக்கும் பத்து வீதம் கூட்டினால் 420. 2 மி.மீ. ஜி.ஐ. (நாகம் பூசின இரும்பு) கம்பி மீட்டருக்கு 25 கிராம் அளவு, ஆக பத்தரை கிலோ. கடையில் கிலோ கணக்கில் கேளுங்க.

உயரத்தை ஏன் இவ்வளவு பிடிவாதமாகச் சொல்றேன் என்றால், ஷொக் படவேண்டிய இடம் மூக்கு. ஈரமான, மயிரில்லாத இடம் அதுதான். பன்றி எதையும் முதலில் மூக்கால் முகர்ந்து பார்க்கும். மூக்கில் பட்டால் பின்னால் துள்ளும். கம்பி உயர்ந்து போய்க் கண்ணுக்குப் பின்னால், கழுத்தில் பட்டால் முன்னால் பாயும்; வேலி அறுந்து அது உள்ளே நிற்கும். முதுகு மயிர் தடிப்பு, அங்கே சரியாக உறைக்காது.

வெலிமடை_கிழங்கு
மேல் எல்லையில் ஆள் இடுப்பு உயரத்துக்கு மண் வெட்டு. அந்த வெட்டின் அடியில் கம்பி கட்டலாமா? எர்த் பற்றியும் சொல்லுங்க.

தலவாக்கலை_சோலார்
வெட்டின் அடியில் கட்டாதீங்க. மேலே நிற்கிற மிருகத்துக்கு உங்கள் 50 செ.மீ. கம்பி காலுக்குக் கீழே கிடக்கும். மழைக்கு மண் சரிந்து அடிக்கம்பியை மூடும், அன்றைக்கே வேலி செத்தது. வெட்டின் மேல் விளிம்பிலிருந்து காட்டுப்பக்கம் ஒரு மீட்டர் தள்ளி உங்கள் எல்லைக்குள் இடம் இருந்தால் அங்கே. இல்லையென்றால் வெட்டின் அடியிலிருந்து உள்ளே ஒன்றரை மீட்டர் விட்டுக் கட்டுங்க. குதித்து இறங்கினதும் நின்று முகர இடம் கிடைக்கும். ஒரு பாத்தி போகும், போகட்டும்.

கட்டை சமனான இடத்தில் 4 மீட்டருக்கு ஒன்று. சரிவில், குழியில், மேட்டில் கூடுதலாகப் போட்டுக் கம்பியைத் தரையோடு இறக்கி ஏற்றணும். ஓடைப்பக்கம் தரை திடீரென்று இறங்கும். அங்கே அடிக்கம்பிக்குக் கீழே 20, 25 செ.மீ.க்கு மேல் இடைவெளி விழுந்தால் பன்றி தேடிக் கண்டுபிடிக்கும்.

எர்த்: ஒரு மீட்டருக்குக் குறையாத நீளத்தில் தடித்த ஜி.ஐ. கம்பித்தடி மூன்று, மூன்று மீட்டர் இடைவெளியில், எப்போதும் ஈரமாக இருக்கிற வடிகான் ஓரத்தில் முழுசாக இறக்குங்க. வீட்டு எர்த்திலிருந்து பத்து மீட்டராவது தள்ளி. கட்டிடக் கம்பித் துண்டு துருப்பிடித்து ஒரு போகத்திலேயே தொடர்பு விடும். செம்புக் கம்பியை ஜி.ஐ.யோடு முறுக்கிக் கட்டினாலும் அந்த மூட்டு அரித்துப்போகும், ஜி.ஐ. கிளாம்ப் போடுங்க. வேலி அடிக்கவில்லை என்று வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்குக் கோளாறு எனர்ஜைசரில் இல்லை, எர்த்தில்.

எர்த்தைச் சோதிக்கிற முறை இது. எனர்ஜைசரை நிறுத்துங்க. நூறு மீட்டர் தள்ளி, உங்கள் காணியில் என்றால் எதிர் மூலையில், இரும்புக் கம்பியை மண்ணில் குத்தி வேலியில் சாய்த்து வையுங்க. திரும்பப் போட்டு வேலியை அளங்க. 2,000 வோல்ட்டுக்குக் கீழே வரும்வரை இன்னும் கம்பி சாய்க்கணும், ஒவ்வொரு தடவையும் நிறுத்திவிட்டு. பிறகு மீட்டரின் ஒரு முனை எர்த் கம்பியில், மறுமுனை ஒரு மீட்டர் தள்ளி மண்ணில். 300 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் போதாது, நாலாவது கம்பி இறக்குங்க. மழைக்காலத்தில் பாஸாகிற எர்த் பெப்ரவரி, மார்ச் வறட்சியில் தோற்கும், அப்போதுதான் அளக்கணும்.

மின்வேலி மீட்டர் தனியாக விற்கும். சாதாரண மல்டிமீட்டரை வைத்தால் மீட்டர் போய்விடும். வேலியில் எல்லா இடத்திலும் 4,000 வோல்ட்டுக்குக் குறையாமல் இருக்கணும்.

ஹப்புத்தளை_தம்பிராசா
இன்சுலேட்டருக்குப் பழைய டியூப் ரப்பர் வெட்டிச் சுற்றினால் காசு மிச்சம். இங்கே எல்லாரும் அப்படித்தான் கட்டுறாங்க.

தலவாக்கலை_சோலார்
ஐயா, அது வேண்டாம். டியூப் ரப்பரைக் கறுப்பாக்குவது கரி. வீட்டு வோல்டேஜுக்கு அது தாங்கும், 6,000 வோல்ட்டில் கசியும். ஒரு கட்டையில் கசிவது தெரியாது. முப்பது கட்டை, மூன்று வரிசை என்றால் தொண்ணூறு கசிவு. நனைந்த யூக்கலிப்டஸ் கட்டை அதைத் தரைக்கு இறக்கிவிடும். ஹப்புத்தளை மூடுபனிக்கு இதைவிட மோசமான சாமான் இல்லை. வெள்ளை பி.வி.சி. குழாய்த் துண்டு அதைவிட நல்லது, ஆனால் வெயிலில் வெடிக்கும், வெடிப்பில் ஈரம் தங்கி நீல நெருப்பு ஓடும். வேலிக்கென்றே செய்த இன்சுலேட்டர் ஒன்று சில வருஷம் தாங்கும். காசு பிடிக்க வேண்டிய இடம் கட்டை. அதை நீங்களே வெட்டிக்கொள்ளலாம். இன்சுலேட்டரில் பிடிக்காதீங்க.

இருட்டினபிறகு, மழை விட்ட நேரம், வேலியோரம் நடந்து காது கொடுங்க. "டிக் டிக்" என்று எந்தக் கட்டையில் கேட்குதோ அங்கே கசிவு. கண் பழகினால் பொறியும் தெரியும்.

கந்தப்பளை_காவல்
பொலிவயர் பற்றி யாரும் சொல்லவில்லையே? நைலோன் கயிறில் மெல்லிய கம்பி பின்னினது. சுற்றி எடுத்து அடுத்த காணிக்குக் கொண்டுபோகலாம். குத்தகைக் காணிக்காரருக்கு அது நல்லது.

தலவாக்கலை_சோலார்
குத்தகைக்குச் சரி. ஆனால் மலிவான பொலிவயர் கிலோமீட்டருக்கு ஆயிரக்கணக்கான ஓம் வரை போகும், 2.5 மி.மீ. ஜி.ஐ. கம்பி 35 ஓம் அளவு, 2 மி.மீ. அதைப்போல ஒன்றரை மடங்கு. 127 மீட்டரில் தெரியாது, புல் பட்டால் தெரியும். முடிச்சுப் போடும்போது உள்ளே இருக்கிற கம்பி இழைகள் ஒன்றையொன்று தொடுகிறதா என்று பார்த்து முறுக்குங்க. நைலோனும் நைலோனும் சேர்ந்தால் முடிச்சு இறுகும், மின்சாரம் போகாது.

நோர்வூட்_காடு
ஒரு விஷயம் சேர்க்கிறேன். வேலிக்குக் காசில்லை என்று மோட்டார் சைக்கிள் கேபிளில் சுருக்குப் போடுகிறவர்கள் இந்த இழையைப் படிக்கலாம். அந்தச் சுருக்குக்குப் பன்றி, மரை, சிறுத்தை என்ற வித்தியாசம் தெரியாது. 2020 மே மாதம் நல்லதண்ணி லக்ஷபான தோட்டத்தில் சுருக்கில் மாட்டின கருஞ்சிறுத்தையை சிகிச்சைக்கு உடவளவைக்குக் கொண்டுபோயும் காப்பாற்ற முடியவில்லை. தேயிலை மலையில் சிறுத்தை நடக்கிற பாதையும் பன்றி நடக்கிற பாதையும் ஒன்றுதான். பன்றிக்குட்டியைப் பிடிக்கிறது சிறுத்தை. அதைக் கொன்றால் உங்கள் கிழங்குக்கு வருகிற கூட்டம்தான் கூடும். பொறித்துவக்கு பற்றிச் சொல்லவே வேண்டாம், அதன் கம்பியில் கால் தட்டுவது மனிதன்.

சிறுத்தை சுருக்கில் மாட்டியிருப்பதைக் கண்டால் கிட்டப் போகாமல், ஆட்களைக் கூட்டாமல், வனஜீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லுங்க. சத்தம் கேட்டு அது இழுக்க இழுக்க இடுப்பில் கம்பி ஆழமாக இறங்கும்.

வெலிமடை_கிழங்கு
பகலில் வெயில் நம்ப முடியாத இடம். சோலார் தாங்குமா? பற்றரி எந்த அளவு?

தலவாக்கலை_சோலார்
1 ஜூல் எனர்ஜைசர் செக்கனுக்கு ஒரு தட்டு என்றால், உள்ளே வீணாவதையும் சேர்த்து 1.7 வாட் அளவு இழுக்கும். 12 வோல்ட்டில் 0.14 அம்பியர். இரவும் பகலும் ஓடினால் ஒரு நாளுக்கு 3.4 அம்பியர்-மணி. மூடுபனிப் பகுதியில் முழு வெயிலுக்குச் சமமாக நாளுக்கு மூன்று மணித்தியாலம் என்று பிடியுங்க. 20 வாட் பனல் 60 வாட்-மணி தரும், நட்டம் போக 40 கையில் வரும். அது 3.3 அம்பியர்-மணிதான். சரிக்குச் சரி, கையிருப்பு இல்லை. அதனால் 40 வாட் பனல் போடுங்க, நடுவில் சார்ஜ் கன்ட்ரோலர்.

பற்றரி 40 அம்பியர்-மணி என்றால் பாதி வரை இறக்கலாம், ஆறு நாள் வெயிலே இல்லாமல் தாங்கும். ஓய்வில் அளந்தால் 12.7 வோல்ட் நிறைவு, 12.2 பாதி. அதற்குக் கீழே அடிக்கடி போனால் பற்றரி கெடும், அதிலும் பழைய வான் பற்றரி சீக்கிரம். பனலைப் பைனஸ் நிழல் விழாத இடத்தில் தெற்கு பார்த்துச் சரித்து வையுங்க. நிழல் பனலின் ஒரு மூலையில் விழுந்தாலே வருமானம் பாதியாகும்.

ராகலை_துவக்குப்பட்டறை
மூன்று பக்கத்துக் காணிக்காரரையும் கேட்டுப் பாருங்க தம்பி. 40 பேர்ச்சஸ் நாலு காணி தனித்தனியாகக் கட்டினால் 508 மீட்டர். நாலும் சேர்ந்து ஒரு ஏக்கர் சதுரமானால் சுற்றளவு 254. கம்பி பாதி, கட்டை பாதி, எனர்ஜைசர் நாலுக்குப் பதில் ஒன்று. தோட்டாவில் தேடின மிச்சம் இங்கே இருக்கு. யார் எந்தப் பக்கம் புல் வெட்டுவது என்பதை மட்டும் முதலிலேயே பேசி முடியுங்க, சண்டை வருவது அதில்தான்.

வெலிமடை_கிழங்கு
மேல் பக்கத்துக் காணிக்காரர் இல்லை, அது காடு. இரண்டு பக்கத்து ஆட்களும் சம்மதம். மூன்று காணி ஒரே வரிசையில், 96க்கு 32. சுற்றளவு 256 மீட்டர். தனித்தனியாக என்றால் 381. மூன்று வரிசைக் கம்பிக்குப் பத்து வீதம் சேர்த்து 845 மீட்டர், 21 கிலோ. கட்டை 64, மூலைக்கு நாலு தடித்தது. இன்சுலேட்டர் 204. சரியா? கேட் ஓடைப்பக்கம் ஒன்று வேண்டும்.

தலவாக்கலை_சோலார்
கணக்குச் சரி. உடையும் என்று இன்சுலேட்டர் இருபது கூட வாங்குங்க. மூலைக்கட்டைக்கு உள்பக்கம் முட்டுக்கொடுங்க, மழை மண்ணில் கம்பி இழுவைக்கு அது சாயும்.

கேட்டில் ஸ்பிரிங் கைபிடி. திறக்கும்போது கையில் இருக்கிற பக்கம் செத்திருக்கணும், அதனால் மின்சாரம் வருகிற பக்கத்தில் கொக்கியைக் கழற்றுகிற மாதிரிக் கட்டுங்க. கேட்டுக்குக் கீழே மின்சாரத்தை மறுபக்கம் கொண்டுபோக வீட்டு வயரைப் புதைக்காதீங்க. அதன் உறை வீட்டு வோல்டேஜுக்குச் செய்தது, ஆயிரக்கணக்கான வோல்ட்டில் நிலத்துக்குள் கசியும், வெளியே ஒன்றும் தெரியாது. மின்வேலிக்கென்று இரட்டை உறை கேபிள் இருக்கு, அதைக் குழாய்க்குள் விட்டு ஒரு அடி ஆழம்.

பாதையோரம் மஞ்சள் எச்சரிக்கைப் பலகையைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிப் பத்து மீட்டருக்கு ஒன்று தொங்கவிடுங்க. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி வரும். மேகம் கறுத்தால் எனர்ஜைசரை வேலியிலிருந்து கழற்றுங்க, சுவிட்சை மட்டும் அணைத்தால் மின்னலுக்கு அது ஒரு தடையே இல்லை. இடி விட்டதும் அன்று இரவே திரும்ப மாட்டணும். இரண்டு இரவு செத்துக் கிடந்த வேலியைப் பன்றி சோதித்துப் பார்த்துவிடும்.

கந்தப்பளை_காவல்
எப்போது கட்டுவது என்பதையும் சொல்லிவிடுறேன். கிழங்கு பிடித்து, பன்றி ருசி பார்த்த பிறகு கட்டினால் அது ஷொக்கைத் தாங்கிக்கொண்டு உள்ளே வரப் பார்க்கும். விதைக்கிழங்கு நட்ட கிழமையே கட்டி, அன்றே உயிர் கொடுங்க. வேலிக்கு இரண்டு பக்கமும் அரை மீட்டர் புல் இல்லாமல் செதுக்கி வையுங்க. களைக்கொல்லி அடித்தால் சரிவில் மண் கழுவும், மண்வெட்டியால் மேலாகச் செதுக்கினால் போதும். அடிக்கம்பி 15 செ.மீ. என்பதால் மழைக்காலத்தில் பத்து நாளைக்கு ஒருமுறை அந்த வேலை இருக்கும். அயல்காரர் இரண்டு பேரோடும் அந்த முறையை இப்போதே பிரித்துக்கொள்ளுங்க.

வெலிமடை_கிழங்கு
சரி. துவக்கைப் ப்ரூஃப் முத்திரை பார்க்கக் கொடுக்கிறேன். கமநல சேவை நிலையத்தில் வேலிக்கு உதவி ஏதும் இருக்கா என்று நாளைக்கு விசாரிக்கிறேன். சுட்ட கோதுகளை என்ன செய்வது?

ராகலை_துவக்குப்பட்டறை
கேப் பக்கம் ஓட்டை போட்டு, கோதை நீளவாட்டில் வெட்டிவிடுங்க. வேறு யாரும் எடுத்து நிரப்ப வழியிருக்கக் கூடாது. வெடிக்காமல் போன தோட்டா இருந்தால் அதை வெட்டாதீங்க, எரிக்காதீங்க, ஓடையில் போடாதீங்க. வாங்கின கடையிலோ பொலிஸிலோ கேட்டு ஒப்படையுங்க.